பள்ளிக்கூட சைக்கிளுக்குக் காவல் யார்?

மாலையில் பள்ளி விடும் மணி அடிக்கிறது. பிள்ளைகள் ஆரவாரத்துடன் வெளியே ஓடி வருகிறார்கள். மரத்தடியிலும் மதில் ஓரத்திலும் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகின்றன. கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பையன் மட்டும் மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான். காலையில் இங்கேதான் நிறுத்தினான். பூட்டியதும் நன்றாக நினைவிருக்கிறது. சாவி சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. சைக்கிளைத்தான் காணோம்.

எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் என்றைக்காவது ஒரு நாள் நடக்கும் காட்சிதான் இது. பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். "போனால் போகிறது, பழைய சைக்கிள்தானே" என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுவார்கள். ஆனால் அந்தப் பையனின் வீட்டில் அன்றிரவு நடக்கும் பேச்சு வேறு விதமானது. நாளை முதல் எப்படிப் பள்ளிக்கூடம் போவது? தினமும் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க முடியுமா? இன்னொரு சைக்கிள் வாங்க எத்தனை மாதம் ஆகும்? இன்று சாதாரண சைக்கிள் ஒன்று வாங்குவதென்றாலே ஐயாயிரம் ரூபாயை எண்ணி வைக்க வேண்டியிருக்கிறது.

நெய்யாறு கடலில் கலக்கும் இடம் பூவார். ஒரு புறம் பொழியும் கடற்கரையும், மறுபுறம் தென்னந்தோப்புகளுமாக உள்ள ஊர். அங்கிருந்து பொழியூர், உச்சக்கடை, குளத்தூர், செங்கல், காரோடு என்று பாறசாலை வரை கிராமங்கள் நெருக்கமாக இருக்கின்றன. பெரிய சாலைகளில் பஸ் ஓடுகிறது. ஆனால் கடற்கரைக் குடியிருப்பிலிருந்தும் தோப்புகளுக்கு நடுவே உள்ள வீடுகளிலிருந்தும் பஸ் நிற்கும் இடத்துக்கு வருவதே ஒரு நடை. இவ்வட்டாரப் பேச்சில் சொன்னால், "சைக்கிள் சவுட்டி" வருகிற பிள்ளைக்கு அந்த நடை மிச்சம், பஸ் காசும் மிச்சம். தகப்பனார் கடலுக்குப் போகிற வீட்டில் இந்த இரண்டு மிச்சமும் சிறியவை அல்ல.

ஒரு பிள்ளையின் படிப்பே சில வேளைகளில் இரண்டு சக்கரங்களின் மேல் நிற்கிறது என்பதை அரசுகளும் உணர்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் 2001-02-ம் கல்வியாண்டில், பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது மற்ற மாணவியருக்கும் மாணவர்களுக்கும் விரிவடைந்தது. பீகாரில் 2006-ம் ஆண்டில் பள்ளி மாணவிகளுக்கென ஒரு சைக்கிள் திட்டம் வந்தது. அதற்கும் முன்பாக, 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். சைக்கிள் கொடுப்பதற்கும் ஓட்டக் கற்பிப்பதற்கும் இவ்வளவு முயற்சி நடந்திருக்கிறது. கொடுத்த சைக்கிள் பள்ளிக்கூட வளாகத்துக்குள் பத்திரமாக இருக்கிறதா என்பதில் அந்த அளவுக்கு அக்கறை காட்டப்படவில்லை.

பூட்டு எதைப் பூட்டுகிறது?

நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரத்தில் வளையப் பூட்டுதான். சாவியைத் திருகி இழுத்தால் ஒரு கம்பி ஆரக்கால்களுக்கு நடுவே வந்து நிற்கும், சக்கரம் சுழலாது. ஆனால் இந்தப் பூட்டு சைக்கிளை எந்த இடத்தோடும் கட்டி வைப்பதில்லை. பின்புறத்தைத் தூக்கிக் கொண்டால் முன் சக்கரத்திலேயே உருட்டிப் போய்விடலாம். ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டால் அந்தச் சிரமமும் இல்லை. மலிவான பூட்டுகளில் ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேர்வதும் உண்டு.

ஆகவே வளையப் பூட்டோடு இன்னொரு பூட்டு வேண்டும். தடித்த சங்கிலியோ கம்பிவடமோ வாங்கி, சைக்கிளின் சட்டத்தையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து, தரையில் ஊன்றிய கம்பத்தோடு பூட்ட வேண்டும். சக்கரத்தை மட்டும் கட்டினால், சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கழற்றிக் கொண்டு போய்விடுவார்கள். கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்து இறுகிவிடும். நாளடைவில் பிள்ளைகள் பூட்டுவதையே நிறுத்தி விடுவார்கள். மாதம் ஒரு முறை இரண்டு துளி மெஷின் எண்ணெய் விட்டால் இந்தத் தொல்லை குறையும்.

ஆனால் பையன் எதோடு பூட்டுவான்? பல பள்ளி வளாகங்களில் ஊன்றிய கம்பமே கிடையாது. சில இடங்களில் முன் சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் கம்பி வரிசை இருக்கிறது. அதில் சைக்கிள் சாய்ந்தால் சக்கரம் வளையும். சட்டத்தைப் பூட்டவும் வழியில்லை. இதற்கு எளிய மாற்று, கவிழ்த்த 'ப' வடிவில் வளைத்த இரும்புக் குழாய். இரு கால்களையும் கான்கிரீட்டில் புதைத்து, தரைக்கு மேல் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் உயரம் நிற்கும்படி அமைப்பார்கள். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் இந்தக் குழாயைப் பல நாடுகளில் தெருவெங்கும் காணலாம். ஒரு குழாயின் இருபுறமும் இரண்டு சைக்கிளை நிறுத்தலாம். ஒரு குழாய்க்கும் அடுத்ததற்கும் ஒரு மீட்டர் இடைவெளி போதும். 50 சைக்கிளுக்கு 25 குழாய்கள். வெல்டிங் பட்டறை உள்ள எந்த ஊரிலும் செய்து விடலாம். பூவார் போன்ற கடலோர ஊர்களில் மட்டும் துத்தநாகம் பூசிய குழாயாகக் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சில மழைக்காலங்களிலேயே அரித்துவிடும்.

வில்லை போனது, எண் இருக்கிறது

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் வரி உண்டு. ஆண்டுதோறும் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பணம் கட்டி, எண் பொறித்த தகர வில்லை ஒன்றை வாங்கி சைக்கிளில் மாட்ட வேண்டும். வில்லை இல்லாமல் வருபவர்களைச் சாலையில் நிறுத்திப் பிடிப்பார்கள். பயந்து சந்து வழியே ஓடிய கதைகளை இன்றும் சிரித்துக் கொண்டே சொல்பவர்கள் உண்டு. வரி ஏழைகளுக்குச் சுமைதான். அது போனதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதனால் ஒரு நன்மை இருந்தது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு எண் இருந்தது. அந்த எண்ணுக்கு எதிரே ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது.

இன்று வில்லை இல்லாவிட்டாலும் எண் இருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு சைக்கிளின் சட்டத்திலும் ஒரு எண்ணைக் குத்தி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் பெடல் பொருத்தியுள்ள இடத்தின் அடிப்பாகத்திலோ, சீட்டைத் தாங்கும் குழாயிலோ அது இருக்கும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றைத் துடைத்துப் பார்த்தால் தெரியும். வாங்கும்போது கடைக்காரரிடம் அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். பழைய சைக்கிள் வாங்குபவர்கள் எண்ணைப் பார்ப்பதோடு, விற்பவரிடம் கையெழுத்துடன் ஒரு சீட்டும் வாங்கிக் கொள்வது நல்லது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம்தான்.

எண்ணின் அருமை இலவச சைக்கிள்கள் நிற்கும் கொட்டகையில் நன்றாக விளங்கும். ஒரே நிறம், ஒரே அமைப்பு. ஒன்றுக்கொன்று வேற்றுமை தெரியாது. ஒருவர் சைக்கிளை இன்னொருவர் தவறுதலாக எடுத்துப் போனால், அது திருட்டா மாறாட்டமா என்று சண்டை மூளும். எண் தெரிந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்து விடும். எண்ணோடு இன்னொரு சுலபமான அடையாளமும் வைக்கலாம். சீட்டைக் கழற்றி, பெயரும் ஊரும் எழுதிய காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக் குழாய்க்குள் போட்டுவிட வேண்டும். வெளியே பெயின்ட் மாறினாலும் உள்ளே உள்ள பெயர் மாறாது.

எல்லையைத் தாண்டினால்

இவ்வட்டாரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. சொந்த பந்தம், சந்தை, கோயில், மாதா கோயில், கல்லூரி எல்லாம் இரு பக்கமும் பிணைந்தே இருக்கின்றன. ஆனால் போலீஸ் எல்லை மட்டும் வேறு வேறு. பாறசாலையில் காணாமற்போன சைக்கிள் சிறிது நேரத்தில் களியக்காவிளை போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கிருந்து மார்த்தாண்டமோ குழித்துறையோ வெகு தூரம் இல்லை. அந்தப் பக்கம் களவு போனதும் அதே வேகத்தில் இந்தப் பக்கம் வரலாம்.

"இது எங்கள் ஸ்டேஷன் எல்லையில் நடக்கவில்லை" என்ற பதிலுக்குப் பயந்தே பலர் புகார் கொடுக்காமல் இருந்து விடுவதுண்டு. 2024 ஜூலை 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்ற நடைமுறைச் சட்டம் இந்தப் பயத்துக்கு இடம் வைக்கவில்லை. அதன் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொல்லலாம், மின்னணு முறையிலும் அனுப்பலாம். மின்னணு முறையில் அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிக் கொடுக்க வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் எழுதலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுத இடமளித்திருக்கிறது. பதிலும் அதே மொழியில் வர வேண்டும். மலையாளத்தில் எழுதத் தெரியவில்லை என்பதற்காக ஒரு தாயார் தன் மகளின் சைக்கிளுக்கு மனுப் போடாமல் இருந்துவிடக் கூடாது.

ஆனால் எந்த மொழியில் எழுதினாலும், எந்த ஸ்டேஷனில் கொடுத்தாலும், போலீஸார் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சைக்கிளுக்கு என்ன அடையாளம்?" கறுப்புச் சைக்கிள் என்று சொன்னால் எந்தக் கறுப்புச் சைக்கிளைத் தேடுவார்கள்? அங்கேதான் அந்தச் சட்ட எண் வழக்கைத் தாங்குகிறது. மீட்கப்பட்ட சைக்கிள்கள் உரியவர் யாரென்று தெரியாமல் ஸ்டேஷன் வளாகத்தில் துருப்பிடித்து நிற்பதை எந்த ஊரிலும் காணலாம்.

பிடிபடுபவர்களில் சிலர் பள்ளி வயதுப் பிள்ளைகளாக இருப்பதும் உண்டு. விளையாட்டாக எடுத்து ஓட்டிவிட்டு எங்காவது போட்டு விடுவார்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதல் முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், சிறைக்குப் பதில் சமூக சேவையே தண்டனை. பழைய சைக்கிள் திருட்டு பலவும் இந்த வரம்புக்குள் வரக் கூடியவை.

டோக்கன் தரும் பாடம்

திருடு போன பிறகு தேடுவதை விட, போகாமல் காப்பது மேல். அதற்கு நாம் வெளிநாடு போய்ப் படிக்க வேண்டியதில்லை. நம் ஊர் சினிமாக் கொட்டகைகளும் பஸ் நிலையங்களும் நெடுங்காலமாகக் கையாண்ட முறை ஒன்று உண்டு. சைக்கிள் ஸ்டாண்டில் ஒரே எண் கொண்ட இரண்டு டோக்கன்கள். ஒன்று ஹாண்டில்பாரில் தொங்கும். மற்றது சொந்தக்காரர் கையில் இருக்கும். வெளியே போகும்போது வாசலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுவார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்களை ஒரே ஆள் இப்படிக் காத்தார். பல சைக்கிள்களில் பூட்டே இல்லாமலும் இருந்தது.

அங்கே சைக்கிளைக் காத்தது பூட்டு அல்ல. பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு மனிதர். காசு வாங்கி டோக்கன் கொடுத்தால் சட்டப்படியும் ஒரு பொறுப்பு உண்டாகிறது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவின்படி, பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் அதே சூழ்நிலையில் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும். "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பலகை எழுதி வைத்தால் மட்டும் தப்ப முடியாது. டில்லியில் ஒரு பெரிய ஓட்டல், சாவியை வாங்கி நிறுத்திய கார் திருடு போன வழக்கில், சொந்த அஜாக்கிரதை இருந்தால் அப்படிப்பட்ட வாசகம் காப்பாற்றாது என்று 2019-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. காருக்கு ஒரு நீதி, சைக்கிளுக்கு ஒரு நீதி இல்லை. பாறசாலை ரயில் நிலையம் போன்ற இடங்களில் காலையில் சைக்கிளை விட்டுவிட்டு இரவில் திரும்புவோர், கட்டண ஸ்டாண்டானால் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டியது இதனால்தான்.

வளாகத்தில் என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் தேவை சற்று வேறுபடும். பள்ளியில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகிறார்கள். ஆகவே சைக்கிள் கொட்டகைக்கு ஒரே வாசல் வைத்து, காலை மணி அடித்ததும் பூட்டி, மாலை மணிக்குத் திறந்தாலே பாதிக் கவலை தீரும். கொட்டகை வளாகத்தின் பின்புற மூலையில் இருக்கக் கூடாது. அலுவலக ஜன்னலிலிருந்தோ ஆசிரியர் அறையிலிருந்தோ பார்த்தால் தெரிய வேண்டும். தனுவச்சபுரத்தில் 1964 முதல் நடந்து வரும் வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரி போன்ற கல்லூரிகளில் மாணவர்கள் நாள் முழுவதும் வருவதும் போவதுமாக இருப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கதவைப் பூட்டுவது ஒத்துவராது. டோக்கன் முறையே ஏற்றது.

ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாளை ஒதுக்கி, எல்லாப் பிள்ளைகளின் சைக்கிள் எண்களையும் ஒரு நோட்டில் எழுதிக் கொள்ளலாம். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான். 2010 முதல் கேரளப் பள்ளிகளில் செயல்படும் மாணவர் போலீஸ் கேடட் படையினர் இதை உற்சாகமாகச் செய்து விடுவார்கள். ஆண்டு முடிவில் யாரும் எடுக்காமல் கிடக்கும் சைக்கிள்களைக் கணக்கெடுத்து அப்புறப்படுத்துவதும் அவசியம். கேட்பாரற்ற சைக்கிள்கள் குவிந்து கிடந்தால், எது யாருடையது என்று கவனிக்கும் பழக்கமே போய்விடும். திருடுபவனுக்கு அதுவே வசதி.

பணத்துக்கு வழியில்லையா என்றால், உண்டு. கேரளத்தில் அரசு உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும், தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் உள்ளன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் தீர்மானம் போட்டு, கிராம சபையில் எழுப்பினால், ஒரு கொட்டகையும் 25 குழாய்களும் பெரிய கோரிக்கையாகாது. காவலுக்கு ஆள் வேண்டுமானால் குடும்பஸ்ரீ இருக்கிறது. 2017-ல் ஓடத் தொடங்கிய கொச்சி மெட்ரோ நிலையங்களில் பல பணிகளைக் குடும்பஸ்ரீ பெண்களே பார்க்கிறார்கள். நகரத்தில் முடிவது பூவாரிலும் முடியும்.

ஒரு கேமரா மாட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. கேமரா பயன்படும், ஆனால் அது பெரும்பாலும் போன பிறகு பார்ப்பதற்கு. போகும்போது "யாருடைய சைக்கிள்? டோக்கன் எங்கே?" என்று கேட்க ஒரு வாய் வேண்டும்.

மற்ற நாடுகளும் சுற்றி வளைத்து இந்த முடிவுக்கே வந்திருக்கின்றன. ஜப்பானில் 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்வது சட்டப்படி கடமை. பிரான்சில் 2021 ஜனவரி முதல் கடைகளில் விற்கும் புதிய சைக்கிள்களில் அடையாள எண் பொறித்தே விற்க வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தில், 2019-ல் முழுமை பெற்ற நிறுத்துமிடத்தில் 12,500 சைக்கிள்களுக்கு இடமுண்டு. அங்கே ஆட்களும் காவலுக்கு இருக்கிறார்கள். எண், ஊன்றிய கம்பம், காக்கும் ஆள் ஆகிய இந்த மூன்றும்தான் எல்லா ஊருக்கும் பொது.

1948-ல் வெளிவந்த 'சைக்கிள் திருடர்கள்' என்ற இத்தாலியப் படம் உலகப் புகழ் பெற்றது. சைக்கிள் இருந்தால்தான் வேலை என்ற நிலையில், வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு ஏழையின் சைக்கிள் பறிபோகிறது. மகனைக் கையில் பிடித்துக் கொண்டு ரோம் நகரத் தெருவெல்லாம் தேடி அலைகிறான் அவன். அவனிடம் அனுதாபம் கொள்ளாதவர் கிடையாது. ஆனால் அந்த நகரத்தில் அவனுக்கு உதவப் பொறுப்புள்ளவர் என்று யாரும் இல்லை.

கேரளத்தில் 2020-ம் ஆண்டில் ஒரு சிறுவனின் சைக்கிள் திருடு போன செய்தி முதலமைச்சர் வரை எட்டியது. கலெக்டரே புதுச் சைக்கிளைக் கொண்டு போய்க் கொடுத்தார். மனம் குளிரும் செய்திதான். எல்லாப் பிள்ளைக்கும் அந்தப் பேறு கிடைக்காது. பொழியூரிலிருந்தோ உச்சக்கடையிலிருந்தோ காலையில் சைக்கிள் சவுட்டி வரும் பிள்ளைக்கு, மாலையில் அதே சைக்கிள் அதே இடத்தில் நிற்கும் என்ற நிச்சயம் போதும். அந்த நிச்சயத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் வளாகத்துக்குள் இருக்கும் பெரியவர்கள்தான். பெற்றோர் இன்று மாலையே செய்யக் கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது: வீட்டு முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, அந்த எண்ணைப் படித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பெட்டியில் எழுதி வைப்பது.